குழப்பும் ஆங்கிலச் சொற்கள்: தமிழில் ஒரு முறை சொல்லிப் பாருங்கள்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசர் வேலைக்குச் சேருகிறவர்களுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். நானும் அதே வேலையில் இருந்தவள்தான். பையருக்கு, அதாவது ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக்காரருக்கு, மெயில் போடுவது, சேம்பிளுக்கு வந்த கமென்ட்ஸைப் படித்து கட்டிங் மாஸ்டருக்குத் தமிழில் சொல்வது, ஷிப்மென்ட் தள்ளிப்போனால் அதைப் பக்குவமாக எழுதுவது என்று நாள் முழுக்க ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி ஓடும் வேலை அது. வகுப்புக்கு வருகிறவர்களில் பலருக்கு இலக்கணம் நன்றாகவே தெரியும். ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு சொற்களில் எதைப் போடுவது என்ற இடத்தில்தான் கை நின்றுவிடுகிறது. "அக்கா, இதுல பை வருங்களா, அன்டில் வருங்களா?" என்று பாதி மெயிலோடு உட்கார்ந்திருப்பார்கள்.

இவர்களிடம் நூறு ஜோடிச் சொற்களின் பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஜோடியாகப் படித்தது ஜோடியாகவே ஞாபகம் வரும். எழுதும்போது இரண்டும் சேர்ந்து வந்து நிற்கும். எது எதற்கு என்பது மட்டும் வராது. "தமிழில் யோசிக்காதே, ஆங்கிலத்திலேயே யோசி" என்ற அறிவுரையும் இந்த இடத்தில் உதவாது. ஆங்கிலத்திலேயே யோசிக்க வருகிறவருக்கு இந்தக் குழப்பமே இருக்காதே.

நான் சொல்வது நேர்மாறான வழி. குழப்பம் வந்ததும் அந்த வாக்கியத்தைத் தமிழில் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லின் கடைசியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று கவனியுங்கள். ஆங்கிலம் இரண்டு தனிச் சொற்களில் காட்டும் வித்தியாசத்தைப் பல இடங்களில் தமிழ் உருபிலேயே காட்டிவிடுகிறது.

உருபு சொல்லும் விடைகள்

முதலில் அந்த 'பை', 'அன்டில்'. சேம்பிள் எப்போது வரும் என்று பையர் கேட்கிறார். "வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடுகிறோம்" என்றுதான் தமிழில் சொல்வீர்கள். "வெள்ளிக்கிழமை வரை அனுப்புகிறோம்" என்று சொல்லவே மாட்டீர்கள். 'க்குள்' வந்தால் 'பை', 'வரை' வந்தால் 'அன்டில்'. அவ்வளவுதான் விதி. "வீ வில் சென்ட் த சேம்பிள்ஸ் அன்டில் ஃப்ரைடே" என்று எழுதினால், இன்றிலிருந்து தினமும் அனுப்பிக்கொண்டே இருந்து வெள்ளிக்கிழமை நிறுத்திவிடுவோம் என்று அர்த்தம். கூடவே ஒரு சின்ன நுணுக்கம்: 'க்குள்' தேதியோடோ கிழமையோடோ வந்தால்தான் 'பை'. "மூன்று நாளுக்குள்" என்று நாள் கணக்கோடு வந்தால் அது 'விதின்'.

'ஸின்ஸ்', 'ஃபார்' இரண்டும் அதே மாதிரிதான். "2019-லிருந்து இங்கே வேலை செய்கிறேன்" என்பதில் உள்ள 'இருந்து'தான் 'ஸின்ஸ்'. "மூன்று வருஷமாக வேலை செய்கிறேன்" என்பதில் உள்ள 'ஆக'தான் 'ஃபார்'. 'ஸின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்று எழுதுகிற யாரும் தமிழில் "மூன்று வருஷத்திலிருந்து" என்று சொல்வதில்லை. வினைச்சொல்லை மட்டும் மறக்க வேண்டாம்: இரண்டுக்கும் 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்' என்று வர வேண்டும், 'ஐ ஆம் வொர்க்கிங்' அல்ல.

கடன் வாங்கினால் 'பாரோ', கடன் கொடுத்தால் 'லென்ட்'. கொண்டு வந்தால் 'ப்ரிங்', கொண்டு போனால் 'டேக்'. இவை நான் சொல்லாமலே தெரிந்திருக்கும்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த இடம். பள்ளித் தமிழில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்போம். திருந்தினான், திருத்தினான், உருண்டது, உருட்டினான். பரீட்சைக்குப் பிறகு அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் ஆங்கிலத்தில் பெரிய ஆட்களே தடுமாறுகிற 'ரைஸ்', 'ரெய்ஸ்' ஜோடிக்கு அதுதான் சாவி. நூல் விலை உயர்ந்தது: தானாக நடந்தது, தன்வினை, 'ரைஸ்'. மில்காரர்கள் நூல் விலையை உயர்த்தினார்கள்: ஒருவர் செய்தது, பிறவினை, 'ரெய்ஸ்'. விலை'யை' என்று 'ஐ' உருபு வந்தாலே 'ரெய்ஸ்' என்று முடிவு கட்டிவிடலாம். இறந்தகாலத்தில் ஒன்று 'ரோஸ்', இன்னொன்று 'ரெய்ஸ்ட்'.

'லை', 'லே' ஜோடியும் இதே ரகம்தான். கட்டிங் டேபிளில் 'லே போடுவது' என்கிறோமே, அந்த 'லே' பிறவினை. துணியை நாம் விரித்து வைக்கிறோம். துணி ரோல் தரையில் தானாகக் கிடந்தால் அது 'லை'. இங்கே ஆங்கிலமே ஒரு சிக்கலை வைத்திருக்கிறது: 'லை'யின் இறந்தகாலமும் 'லே'தான். ஆகவே "நேற்று ரோல் தரையில் கிடந்தது" என்பதற்கு 'லே', "நேற்று துணியை விரித்தோம்" என்பதற்கு 'லெய்ட்'. இதற்குத் தமிழ் பாதி வழிதான் காட்டும், மீதியை எழுதிப் பழக வேண்டும். 'ரிமெம்பர்' நினைவிருப்பது, 'ரிமைண்ட்' நினைவூட்டுவது. 'லேர்ன்' கற்பது, 'டீச்' கற்பிப்பது. எல்லாம் ஒரே குடும்பம்.

'அஃபெக்ட்', 'எஃபெக்ட்' இரண்டில் எதைப் போடுவது என்று எவ்வளவோ சூத்திரங்கள் சொல்வார்கள். "மழை ஷிப்மென்ட்டைப் பாதிக்கும்" என்றால் 'அஃபெக்ட்'. "மழையின் பாதிப்பு" என்றால் 'எஃபெக்ட்'. 'க்கும்' என்று வினையாக முடிகிறதா, 'ப்பு' என்று பெயராக முடிகிறதா என்று பார்த்தால் போதும். 'எஃபெக்ட்' வினையாக வரும் இடமும் உண்டு, ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவருவது என்ற பொருளில். அலுவலக மெயிலில் அது தேவைப்படாது.

ஒரே சொல், மூன்று ஆங்கிலம்

'கேள்' என்ற ஒரு சொல்லுக்கு ஆங்கிலத்தில் மூன்று சொற்கள்: 'ஆஸ்க்', 'ஹியர்', 'லிஸன்'. மூன்றுக்கும் தமிழில் ஒரே வினை என்பதால் இங்கே தமிழ் கைவிட்டுவிட்டது என்று தோன்றும். அப்படி இல்லை, வினைக்கு முன்னால் பாருங்கள். "அவரிடம் கேட்டேன்": 'இடம்' இருக்கிறது, 'ஆஸ்க்'. "எனக்குக் கேட்டது": 'நான்' போய் 'எனக்கு' வந்துவிட்டது, காதில் தானாக விழுந்தது, 'ஹியர்'. "அவர் சொல்வதைக் கேட்டேன்": நானே காது கொடுத்தேன், 'லிஸன்', கூடவே ஒரு 'டு'.

வீடியோ காலில் இது உடனே தேவைப்படும். உங்கள் குரல் பையருக்குக் கேட்கிறதா என்று தெரிய 'கேன் யூ ஹியர் மீ?' என்றுதான் கேட்க வேண்டும். 'ஆர் யூ லிஸனிங் டு மீ?' என்றால் "நான் சொல்வதைக் காதில் வாங்குகிறீர்களா இல்லையா?" என்று அதட்டுவதுபோல ஆகிவிடும். 'பார்' என்ற சொல்லும் இப்படித்தான். ஸ்க்ரீன் உங்களுக்குத் தெரிகிறதா என்றால் 'ஸீ', இந்தத் தையலைப் பாருங்கள் என்றால் 'லுக் அட்', மேட்ச் பார்த்தால் 'வாட்ச்'.

பொருந்துவதற்கும் மூன்று உண்டு, அதுவும் நம் தொழிலில் தினமும் வருவது. அளவு பொருந்தினால் 'ஃபிட்'. காலரின் நிறம் உடம்புத் துணியின் நிறத்தோடு பொருந்தினால் 'மேட்ச்'. சட்டை போட்டவருக்கு எடுப்பாக இருந்தால் 'ஸூட்'. 'த காலர் இஸ் நாட் ஃபிட்டிங் வித் த பாடி' என்று ஒருவர் எழுத, பையர் அளவுப் பட்டியலைத் திரும்ப அனுப்பிவைத்தார். இவர் சொல்ல வந்தது ஷேடு வித்தியாசத்தை.

தமிழ் நம்மைத் தவறான பக்கம் தள்ளும் இடமும் ஒன்று உண்டு. "கடுமையாக உழைத்தோம்" என்பதில் 'ஆக' வருகிறதே என்று, 'ஹார்ட்' உடன் 'லி' சேர்த்து 'வீ வொர்க்ட் ஹார்ட்லி' என்று எழுதிவிடுகிறார்கள். 'ஹார்ட்லி' என்றால் 'அநேகமாக இல்லை' என்று பொருள். நாங்கள் வேலையே பார்க்கவில்லை என்று பையரிடம் நாமே எழுதிக்கொடுத்ததாக ஆகும். 'லேட்லி'யும் அப்படியே, அது 'தாமதமாக' அல்ல, 'அண்மையில்'. 'ஹார்ட்', 'லேட்' இரண்டையும் 'லி' இல்லாமலே எழுத வேண்டும்.

காது ஏமாற்றும்போது

இனி வருவது வேறு வகை. இங்கே பொருளில் குழப்பம் இல்லை, எழுத்தில்தான். தமிழில் குறில், நெடில் இருப்பதால் 'ஷிப்', 'ஷீப்' நமக்குத் தனித்தனியாகக் கேட்கும். 'ஃபில்', 'ஃபீல்' கேட்கும். இது பெரிய வரம், பல மொழிக்காரர்களுக்கு இது அமைவதில்லை. ஆனால் 'ஸ்' ஒலிக்கும் ஆங்கிலத்தின் இஸட் ஒலிக்கும் தமிழ் வேறுபாடு காட்டுவதில்லை. அதனால்தான் அறிவுரையும் அறிவுரை சொல்வதும் நமக்கு ஒரே 'அட்வைஸ்', விலையும் பரிசும் ஒரே 'ப்ரைஸ்', இழப்பதும் தளர்வாக இருப்பதும் ஒரே 'லூஸ்'.

தொண்டையில் இரண்டு விரலை வைத்து 'ஸ்ஸ்ஸ்' என்று இழுங்கள். அதிர்வு இருக்காது. இப்போது வண்டு ரீங்கரிப்பதுபோல அதே ஒலியை எழுப்புங்கள். விரலில் அதிர்வு தெரியும். அதுதான் இஸட் ஒலி. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு அதிர்வில்லாத ஒலி, வினைச்சொல்லுக்கு அதிர்வுள்ள ஒலி என்று அமைந்த ஜோடிகள் நிறைய. அறிவுரை என்ற பெயர் அதிராது, எழுத்து 'சி'. அறிவுரை சொல் என்ற வினை அதிரும், எழுத்து 'எஸ்'. பயன் என்ற 'யூஸ்' அதிராது, பயன்படுத்து என்ற 'யூஸ்' அதிரும், இதில் எழுத்து மாறாது. 'ப்ராக்டிஸ்', 'லைசன்ஸ்' இரண்டையும் பிரிட்டிஷ்காரர்கள் அறிவுரைபோலவே எழுதுகிறார்கள்: பெயருக்கு 'சி', வினைக்கு 'எஸ்'. அமெரிக்கர்கள் 'ப்ராக்டிஸ்' இரண்டுக்கும் 'சி', 'லைசன்ஸ்' இரண்டுக்கும் 'எஸ்' போடுவார்கள். உங்கள் பையர் எந்த ஊர்க்காரரோ அதன்படி எழுதுங்கள்.

'லூஸ்' தனியாகக் கவனிக்க வேண்டியது. ஆர்டரை இழந்துவிடுவோம் என்று சொல்ல வந்து இரண்டு ஓ போட்டு எழுதுவது திருப்பூரில் மட்டுமல்ல, உலகம் முழுக்க நடக்கிறது. அதற்குக் காரணம் 'சூஸ்' என்ற சொல். அதில் அதிர்வும் இருக்கிறது, இரண்டு ஓவும் இருக்கிறது. அந்தப் பழக்கத்தில் இதிலும் கை இரண்டு ஓ போட்டுவிடுகிறது. இழப்பதற்கு ஓ ஒன்றுதான். துணி தளர்வாக இருந்தால்தான் இரண்டு.

அப்புறம் நம் ஊர்ச் சொல்லான 'டையிங்'. சாயம் போடும் 'டை'க்கு எழுத்து டி-ஒய்-இ. சாவதற்கு டி-ஐ-இ. 'இங்' சேர்க்கும்போது ஆங்கிலத்தில் கடைசி 'இ' பொதுவாக விழுந்துவிடும். 'மேக்' 'மேக்கிங்' ஆவதுபோல. அந்த விதியைச் சரியாகப் பின்பற்றி சாயத்தின் 'இ'யை எடுத்துவிட்டால் சாவது வந்துவிடும், ஏனென்றால் 'இங்' சேரும்போது சாவதன் ஐ-இ ஒய்யாக மாறிவிடும். 'அவர் டையிங் யூனிட்' என்பதில் அந்த 'இ' இல்லையென்றால், செத்துக்கொண்டிருக்கும் யூனிட் என்று பையர் படிப்பார். அதனால்தான் இங்கே ஆங்கிலம் விதியைத் தள்ளி வைத்து 'இ'யைக் காப்பாற்றியிருக்கிறது. துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய இழைகளை நெருப்பில் காட்டிச் சுட்டு எடுப்போமே, அந்த 'ஸிஞ்சிங்' சொல்லிலும் இப்படியே 'இ' நிற்கும். எடுத்துவிட்டால் அது பாட்டுப் பாடுவதாகிவிடும்.

சாயத்துக்கும் சாவுக்கும் உள்ள இந்த எழுத்து வேறுபாடு இங்கிலாந்திலேயே வெகுகாலம் நிலைபெறவில்லை. 1755-இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன் இரண்டையும் டி-ஐ-இ என்றே எழுதினார். அவருக்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்த ஜோசஃப் அடிசன் இரண்டையும் டி-ஒய்-இ என்று எழுதினார். அவர்களே தடுமாறிய இடத்தில் நாம் தடுமாறுவது இயல்புதான்.

'அக்ஸெப்ட்', 'எக்ஸெப்ட்', 'எக்ஸ்பெக்ட்' மூன்றையும் உடைத்துப் பார்த்தால் தெளியும். 'எக்ஸ்' என்பது லத்தீனில் வெளியே. வெளியே எடுத்து வைத்தது 'எக்ஸெப்ட்', அதாவது 'தவிர'. 'ஸ்பெக்ட்' என்பதற்குப் பார்ப்பது என்று பொருள். கம்பெனிக்கு 'இன்ஸ்பெக்ஷன்' வருகிறதே, அதே சொல்தான். 'எக்ஸ்பெக்ட்' என்பதும் நம் 'எதிர்பார்' என்பதும் ஒரே மாதிரி உருவானவை. இரண்டுக்குள்ளும் பார்வை இருக்கிறது. மிச்சம் இருக்கும் 'அக்ஸெப்ட்' ஏற்றுக்கொள்வது. 'வீ எக்ஸெப்ட் யுவர் ப்ரைஸ்' என்று போய்ச் சேர்ந்தால், ஒப்புக்கொண்ட விலையை ஒதுக்கிவைத்ததுபோல ஆகும்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தைக்கிற 'ஸோ'வுக்கு 'இ', விதைக்கிற 'ஸோ'வுக்கு 'ஓ'. தையல் இணைப்பு 'ஸீம்' இ-ஏ, தோன்றுவது இரண்டு 'இ'. இடுப்பளவு 'வெய்ஸ்ட்' ஏ-ஐ. கழிவுத்துணிக்கு 'ஐ' கிடையாது. எழுதுபொருள் 'ஸ்டேஷனரி' 'பேப்பர்' மாதிரி இ-ஆர் கலந்தது. இலவச சேம்பிளுக்கான 'காம்ப்ளிமென்டரி' ஐ, நிறத்துக்கு நிறம் இணையாக வருவது 'இ'. 'க்ளாத்' துணி, 'க்ளோத்ஸ்' உடை. நாம் ஏற்றுமதி செய்வது இரண்டாவது.

நாம் ஒன்று நினைக்க அவர் ஒன்று படிப்பது

இந்த வகைக்கு எந்தப் பட்டியலும் போதிய இடம் தருவதில்லை. சொல்லும் சரி, எழுத்தும் சரி, ஆனால் நம் ஊரில் அதற்கு வேறு பொருள்.

'டவுட்' முதலாவது. தமிழில் சந்தேகம் என்பது கேள்விக்கும் பொருந்தும், நம்பிக்கையின்மைக்கும் பொருந்தும். வகுப்பில் சந்தேகம் கேட்போம். ஆள் மேலும் சந்தேகப்படுவோம். ஆங்கிலத்தில் 'டவுட்' இரண்டாவது மட்டும். 'ஐ ஹேவ் எ டவுட் இன் யுவர் மெஷர்மென்ட்' என்றால், உங்கள் அளவுகளை நான் நம்பவில்லை என்றாகும். 'கொஸ்டின்' என்று எழுதுங்கள்.

'ரிவர்ட்' இந்தியாவிலும் சிங்கப்பூர், மலேசிய அலுவலகங்களிலும் பதில் போடுவதற்கு வழங்குகிறது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அதற்குப் பழைய நிலைக்குத் திரும்புவது என்று பொருள். 'வீ வில் ரிவர்ட் ஆன் த ஷேட்' என்று எழுதினால் பழைய ஷேடுக்கே போகிறார்கள்போல என்று அவர் நினைக்க இடமிருக்கிறது. 'ரிப்ளை' என்ற எளிய சொல் போதும்.

உடைப் பெயர்களில் பிரிட்டனும் அமெரிக்காவுமே ஒத்துப்போகாது. 'வெஸ்ட்' என்றால் பிரிட்டிஷ் பையருக்கு நம் பனியன், அமெரிக்கருக்குக் கையில்லாத மேல்கோட்டு. 'பேன்ட்ஸ்' அமெரிக்கருக்கு நாம் நினைக்கிற அதே பேன்ட்; பிரிட்டிஷ்காரருக்கு உள்ளாடை. 'ஜம்பர்' பிரிட்டனில் ஸ்வெட்டர், அமெரிக்காவில் சட்டைக்கு மேல் போடும் கையில்லாத கவுன். பெயரை மட்டும் நம்பாமல் ஸ்டைல் நம்பரையும் படத்தையும் சேர்த்து அனுப்பச் சொல்வேன். எண்ணும் அப்படித்தான். 2,00,000 என்ற காற்புள்ளி அவர்களுக்குப் பழக்கமில்லை, 200,000 என்று போட வேண்டும். 05/06 என்பது லண்டனில் ஜூன் 5, நியூயார்க்கில் மே 6. மாதத்தை எழுத்தில் எழுதிவிட்டால் சிக்கலே இல்லை.

பழகுவது எப்படி

ஒரு நோட்டு வாங்கி, ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அதில் அகராதிப் பொருளை எழுத வேண்டாம். நீங்கள் உண்மையில் அனுப்பிய மெயிலிலிருந்து ஒரு வாக்கியமும் அதன் தமிழும் மட்டும். 'பை' பழகிய பிறகுதான் 'அன்டில்' பக்கம் போக வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் எழுதினால் பழைய குழப்பம் திரும்ப வந்துவிடும். கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போடும் என்று நம்பி இருக்காதீர்கள். சாவதும் சரியான சொல்தான், தளர்வும் சரியான சொல்தான், கோடு வராமலே போகலாம். உங்களுக்கு அடிக்கடி தவறும் நாலைந்து சொற்களை மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவைத்து, அனுப்புவதற்கு முன் கன்ட்ரோல் எஃப் போட்டு ஒவ்வொன்றையும் தேடிப் பாருங்கள். ஒரு நிமிஷ வேலை.

வகுப்பில் நான் கொடுக்கும் பயிற்சி மெயில் இது. 'டையிங் வில் பி கம்ப்ளீட்டட் அன்டில் மண்டே. த மில்ஸ் ஆர் ரைஸிங் த யார்ன் ப்ரைஸ் ஸின்ஸ் டூ மன்த்ஸ். வீ ஆர் வொர்க்கிங் ஹார்ட்லி நாட் டு லூஸ் திஸ் ஆர்டர். ப்ளீஸ் ரிவர்ட்.' முதல் சொல்லில் ஒய்க்கு அடுத்து 'இ' இருக்கிறதா பாருங்கள். திங்கட்கிழமைக்குள், அதனால் 'பை'. மில்காரர்கள் விலையை உயர்த்துகிறார்கள், அதனால் 'ரெய்ஸிங்'. இரண்டு மாதமாக, அதனால் 'ஃபார்', முன்னால் 'ஹேவ் பீன்'. 'ஹார்ட்லி'யில் 'லி' போக வேண்டும். 'லூஸ்' ஒரு ஓ. கடைசிச் சொல்லை எடுத்துவிட்டு, எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்பதை மாதத்தின் பெயரோடு எழுதுங்கள்.